பல்லக்காவுக்குப் புதிர் வைத்தியம்

அந்த ஊரில் வயதானவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பில் பாதி அவளுடைய கைவேலையாக இருக்கும். செயற்கைப் பல் செய்கிற லேபில் அவள்தான் மூத்தவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேலே மெழுகால் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு, முழு செட்டாகத் திருப்பி அனுப்புவாள். லேபில் எல்லாரும் 'பல்லக்கா' என்றார்கள். பிறகு தெருவில் அப்படிக் கூப்பிட்டார்கள். கடைசியில் அவளுடைய அப்பாவே, யாராவது போனில் பெயர் சொல்லிக் கேட்டால், கொஞ்சம் முழித்துவிட்டு, "ஓ, பல்லக்காவா? இருக்காளே!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் மெல்ல வழி செய்து கொடுத்த பல்லக்கா, தான் மட்டும் மெல்ல மாட்டேன் என்றிருந்தாள். சின்ன வயதில் ஆரம்பித்தது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மா போன துக்கம் என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. பள்ளிக்கூடத்தில் எவளோ 'குண்டு' என்று சொன்னதுதான் காரணம் என்றாள் தங்கச்சி. இவள் அம்மாவின் ஜாடை, அம்மாவும் கொறிக்கத்தான் செய்வாள் என்றார் அப்பா. பல்லக்காவைக் கேட்டால், "எனக்குப் பசிக்கல, அவ்வளவுதான்" என்பாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும்.

நாற்பதை நெருங்கும்போது அவளுடைய சாப்பாட்டு மேசை ஒரு நீதிமன்றம் மாதிரி ஆகியிருந்தது. தட்டு மேசையின் ஓரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். ரொட்டியை மெழுகுக் கத்தி பிடிக்கிற லாகவத்தோடு ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டுவாள். காய் ரொட்டியைத் தொடக்கூடாது, ரொட்டி பழத்தைத் தொடக்கூடாது. எது முன்னால், எது பின்னால் என்பதற்கும் சட்டம். ஏதாவது ஒன்று பிசகினால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: இன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிட்டு, டிவியில் செய்தி முடிந்து, குட்டித் தூக்கம் போட்டு எழுந்தாலும், அவள் இரண்டாவது சதுரத்தோடுதான் வழக்காடிக்கொண்டிருப்பாள்.

கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த தங்கச்சி வரும்போதெல்லாம் சொல்வாள்: "அக்கா மெல்லவும் மாட்டா, மெல்ல சாப்பிடறதை விடவும் மாட்டா."

பல்லக்காவுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு, சிந்திய துணுக்கை எடுத்துத் தட்டில் அதன் இடத்தில் வைப்பாள்.

லேபில் இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். முதலாளி ஓயாமல் பேசுகிற மனிதர், ஓயாமல் எதையாவது கொறிக்கிறவரும்கூட. வருகிற டாக்டர்களிடமெல்லாம், "எங்க பல்லக்கா ஒரு பல்லு வைக்கிறதுக்குள்ள ரெண்டு கிழவருக்குப் பசி வந்து அடங்கிப் போயிடும், ஆனா வச்சா வச்சதுதான்" என்று பெருமையடிப்பார். ஒவ்வொரு பல்லிலும் ஒவ்வொரு பள்ளமும் உளியால் செதுக்கியது போல இருக்கும். பல் பல்லாகப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். செட் முழுவதையும் வாயில் மாட்டிப் பார்த்தால் மட்டும் சிலருக்கு வேறு யாரோ தன் வாய்க்குள் இருந்து சிரிப்பது போலத் தோன்றும். அதை அவர்கள் டாக்டரிடம் சொல்வார்கள், டாக்டர் முதலாளியிடம் சொல்வார். முதலாளி பல்லக்காவிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அவள் எல்லாப் பல்லையும் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒரு நாள் காலையில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கிண்ணம் மேலே கவிழ்ந்தது. அவளைவிட முதலாளிதான் அதிகமாகக் கத்தினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளுடைய முழங்கையில் பிளாஸ்டர் இறுகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் அதை உடைத்து எடுத்த நர்ஸ், உள்ளே இருந்த கை எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துவிட்டு, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா நாடியைப் பார்த்தார், ஈசிஜி காகிதத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இதயம் ரொம்ப மெதுவா துடிக்குது. எவ்வளவு நாளா சரியா சாப்பிடல?"

"அவ எப்பவுமே இப்படித்தாங்க. வீம்பு."

"வீம்பு இல்லீங்க. நோய். காய்ச்சல் மாதிரி இதுவும் நோய்தான். காய்ச்சலை யாரும் வீம்புன்னு சொல்றதில்லையே?"

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஒருவர் சாப்பிடாததற்குச் சாப்பாடு சரியில்லை, அல்லது மனிதர் சரியில்லை என்ற இரண்டு காரணங்கள்தான் அவருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆன பிறகு, பகல் முழுவதும் அங்கே இருந்து, நர்ஸ் பார்க்கச் சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பகல் வார்டில் சேர்த்தார்கள். பல்லக்கா அங்கே ஒரு கை பார்த்தாள். அவள் வாதாடுவதைக் கேட்டிருந்தால் எந்த வக்கீலும் கோட்டைக் கழற்றி வைத்திருப்பார். ஒரு நாள், "இந்த ரொட்டி நேத்து ரொட்டியை விட தடிமன்" என்று சொன்னதோடு நிற்காமல், கைப்பையிலிருந்து மெழுகின் தடிமன் பார்க்கும் கருவியை எடுத்து ரொட்டியை அளந்தே காட்டினாள். உண்மையிலேயே கொஞ்சம் தடிமன்தான். நர்ஸ் அசரவில்லை. கையை நீட்டி, "அதைக் குடுங்கக்கா" என்று கருவியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இப்ப ரொட்டியைச் சாப்பிடுங்க" என்றாள்.

வாரங்கள் போயின. உடம்பு கொஞ்சம் தேறியது, மனசு தேறவில்லை. சாப்பிட்டாள், ஆனால் ஒவ்வொரு வாயும் சண்டை போட்டு இழந்த நிலம் மாதிரிதான் உள்ளே போயிற்று. அப்போதுதான் டாக்டரம்மா வேறொரு விஷயம் சொன்னார்.

"இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. மூளைக்குப் பயிற்சி. சாப்பாட்டோட சேர்த்துத்தான், சாப்பாட்டுக்குப் பதிலா இல்ல. சேர்றீங்களா?"

"என் மூளைக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. சட்டுனு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் திரும்புறது சிலருக்குக் கஷ்டம். சின்னச் சின்ன விவரம் எல்லாம் துல்லியமா தெரியும், மொத்தமா பார்க்கிறது கஷ்டம். இந்த நோய் இருக்கிற பல பேர்கிட்ட அதைப் பார்க்கிறோம். பட்டினி கிடந்தா அது இன்னும் இறுகும். இறுகினா சாப்பிட விடாது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியுமான்னு பார்க்கலாம்."

"அதுல சாப்பாட்டைப் பத்திப் பேசுவாங்களா?"

"ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"அப்ப சேர்றேன்" என்றாள் பல்லக்கா, அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்.

முதலில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். நீண்ட குழாய்க்குள் படுக்க வைத்து, கண்ணெதிரே சிறு திரையில் வடிவங்களைக் காட்டி, விதி மாறும்போது பொத்தானை மாற்றி அழுத்தச் சொன்னார்கள். எந்திரம் தகர ஷெட்டில் ஆலங்கட்டி மழை பெய்வது போல இரைந்தது. வெளியே வந்தவள் முதலில் கேட்டது, "நான் எத்தனை தப்பு பண்ணேன்?" என்றுதான். ஸ்கேன் எடுத்த டாக்டர் இளம் வயதுக்காரர், கூச்சக்காரர். "அதெல்லாம் இப்ப சொல்லக்கூடாதுங்க" என்றார். அவள் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுத்தவள் சின்னப் பெண், மனநல வல்லுநர். அவளுடைய அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி நிறையப் படங்கள், அட்டைகள், கதைத் துண்டுகள். அன்றைக்கே பல்லக்கா அவளுக்குப் 'புதிர் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"இந்தப் படத்தை எனக்குக் காட்டாம, வாயால சொல்லுங்கக்கா. நீங்க சொல்றதை வச்சு நான் வரையணும்."

பல்லக்கா படத்தைப் பார்த்தாள். அவளுக்கா விவரம் சொல்லத் தெரியாது? "இடது பக்கம் கீழ் மூலையிலேர்ந்து ஒரு விரல் அகலம் தள்ளி ஒரு கோடு. கொஞ்சம் சாய்வு. ரொம்பச் சாய்வு இல்ல. அது முடியற இடத்துல ஒரு சின்ன வளைவு. வளைவோட உள்பக்கம் மழுங்கலா இருக்கு…" என்று ஆரம்பித்து, புதிர் டீச்சரின் பென்சில் முனை மழுங்குகிறவரை சொன்னாள். முடித்ததும் டீச்சர் வரைந்ததைத் திருப்பிக் காட்டினாள். மிதிபட்ட கம்பளிப்பூச்சி ஒன்று காகிதத்தில் கிடந்தது.

"நீங்க ஒழுங்கா வரையல" என்றாள் பல்லக்கா.

"இருக்கலாம். சரி, மொத்தமா பார்த்தா அது என்ன மாதிரி இருக்கு?"

பல்லக்கா படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சங்கடமாக, "பாய்மரப் படகு" என்றாள்.

"அதை முதல்லயே சொல்லியிருந்தா?"

"நான் இப்பத்தான் பார்த்தேன்!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மதியம் வார்டில் சாப்பாடு வந்தபோது அந்தச் சிரிப்பு அவளிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று நர்ஸ் பிறகு சொன்னாள். அதனால் அதிகமாகச் சாப்பிட்டாளா என்றால், இல்லை. ஆனால் ரொட்டியின் தடிமனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த வகுப்புகளில் அட்டைகளை நிறத்தின்படி அடுக்கச் சொல்லி, பாதியில் வடிவத்தின்படி மாற்றச் சொன்னாள் டீச்சர். மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பல்லக்காவுக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குவது போல இருந்தது. இரண்டு பக்கம் இருக்கிற புகார்க் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வரியில் சாரம் சொல்லச் சொன்னால், அந்த ஒரு வரி ஒன்றரைப் பக்கம் வரும். ஒவ்வொரு விளையாட்டும் முடிந்ததும் டீச்சர் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "இதை எப்படி யோசிச்சீங்க? வெளியில வேற எங்கயாவது இதே மாதிரி யோசிக்கிறீங்களா?" பல்லக்கா லேபைச் சொல்வாள், வீட்டு அலமாரியைச் சொல்வாள். சாப்பாட்டு மேசையைச் சொல்ல மாட்டாள். டீச்சரும் கேட்க மாட்டாள்.

பிறகு வீட்டுப்பாடம் வந்தது. தினமும் ஏதாவது ஒரு சின்னப் பழக்கத்தை மாற்ற வேண்டும். சாப்பாடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. வாட்சை வலது கையில் கட்டலாம், வேறு தெரு வழியாக வரலாம், சீப்பை வேறு இடத்தில் வைக்கலாம்.

அடுத்த வாரம் பல்லக்கா பெருமையோடு வந்தாள். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அடிக்கோல் வைத்து வரைந்த கட்டங்கள். திங்கள் வாட்ச், செவ்வாய் தெரு, புதன் சீப்பு, வியாழன் செருப்பு, வெள்ளி ஜன்னல். எந்த மணிக்கு மாற்ற வேண்டும், எந்த மணிக்குப் பழையபடி வைக்க வேண்டும் என்றும் போட்டிருந்தாள்.

"ஒரு நாள்கூட தவறல" என்றாள்.

புதிர் டீச்சர் அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வகுப்பில் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அவளுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பாவம்.

"என்ன சிரிப்பு?"

"அக்கா, சட்டத்தைத் தளர்த்தச் சொன்னா, தளர்த்துறதுக்கே ஒரு சட்டம் போட்டுட்டு வந்திருக்கீங்க."

பல்லக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வியாழன் கட்டத்தின் கோடு மற்றவற்றைவிட ஒரு நூல் தடித்திருந்ததால் அதை அழித்து மறுபடி போட்ட தடம் அவள் கண்ணிலேயே பட்டது. குனிந்து நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று டீச்சர் பதறி எழுந்தபோது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது முத்திப் போச்சு, டீச்சர்."

"முத்தல. தெரிய ஆரம்பிச்சிருக்கு."

அந்த வாரம் புது வீட்டுப்பாடம்: திட்டம் போடாமல் மாற்ற வேண்டும். அவளுக்குச் சாப்பாட்டைவிட அது கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் உட்காரும்போது, திடீரென்று, "அப்பா, இன்னிக்கு நாம நாற்காலியை மாத்தி உட்காருவோமா? நீங்க எதிர்ல உட்காருங்க" என்றாள்.

அப்பா தட்டோடு நின்றுவிட்டார். "எதுக்கு?"

"வீட்டுப்பாடம்."

"உனக்குத்தானே வீட்டுப்பாடம்? என் நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரு நாளைக்குத்தான்ப்பா."

"அங்க உட்கார்ந்தா டிவி தெரியாது. வெயில் கண்ணுல அடிக்கும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இங்கதான் உட்கார்றேன்." முகம் சிவந்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

பல்லக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய வழக்கை வேறு ஒருவர் வாதாடுவதை அவள் முதன்முதலாகக் கேட்கிறாள். அடுத்த வகுப்பில் அதைச் சொன்னபோது, இந்த மாதிரி இறுக்கம் நோய் இல்லாத குடும்பத்தாரிடமும் சில நேரம் தென்படுவதுண்டு என்றாள் டீச்சர். பல்லக்கா அதை அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அப்பாவுக்கா? இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேற பண்ணாங்களா?" என்றாள் தங்கச்சி.

அப்பாவோ தோற்கிறவர் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தானே தட்டை எடுத்துக்கொண்டுபோய் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. வெயில் கண்ணில் அடித்தது. "பார்த்தியா? உன்னால முடியாட்டியும் என்னால முடியும்" என்றார்.

ஆனால் அந்த இடத்திலிருந்து வேறு ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தவருக்கு அவளுடைய தோள்தான் தெரிந்திருக்கிறது. இப்போது முகம் தெரிந்தது. ரொட்டித் துண்டை எடுத்த கை வாய்ப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. கண்ணை மூடினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. வாயில் போட்ட பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு கஷ்டமா இருக்காம்மா உனக்கு?"

"ஆமாப்பா."

"நான் வீம்புன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டு வந்து, அதே ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மூன்றாவது துண்டை முடிக்கிறவரை தன் தட்டிலும் கை வைக்கவில்லை. பிறகு அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. வழக்கமாகிவிட்டதே என்று பல்லக்கா கவலைப்பட்டு டீச்சரிடம் கேட்டபோது, "எல்லா வழக்கத்தையும் உடைக்க வேண்டியதில்லக்கா" என்று அவள் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் ஏறுமுகமாகவே போய்விடவில்லை. நடுவில் ஒரு கெட்ட காலம் வந்தது. உடை இறுக்கமாகத் தெரிந்த ஒரு காலையில் பழைய சட்டங்கள் எல்லாம் படையோடு திரும்பி வந்தன. வார்டுக்குப் போகவில்லை, போனை எடுக்கவில்லை. டாக்டரம்மா கண்டிப்பாகப் பேசினார், மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்றார். அவள் படுத்தாள்; தேறினாள்; திரும்பி வந்தாள். முன்பானால் ஒன்று பிசகினாலே எல்லாம் போயிற்று என்று முழுவதையும் விட்டிருப்பாள். இந்த முறை புதிர் டீச்சரின் கதவைத் தட்டி, "நடுவுல கொஞ்சம் பக்கம் கிழிஞ்சு போச்சு, மிச்சத்தைப் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் அவளே வாய்விட்டுச் சொன்னாள். "டீச்சர், இந்தப் படம், அட்டை எல்லாம் சாப்பாட்டைப் பத்தித்தானே?"

"நான் சாப்பாடுன்னு ஒரு வார்த்தைகூட சொல்லலையே."

"அதான் சந்தேகமே!"

லேபுக்கு மெதுவாகத் திரும்பினாள், முதலில் அரை நாள். முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்று, அவளுடைய மேசையில் ஒரு பிளாஸ்டர் துண்டை வைத்தார். "உன் முழங்கைலேர்ந்து உடைச்சு எடுத்தாங்களே, அதுல ஒரு துண்டை ஆஸ்பத்திரில கேட்டு வாங்கி வச்சேன். நம்ம லேப்ல எடுத்த அச்சுலயே இதுதான் நல்லா வந்த அச்சு" என்றார். அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். அவர் எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். மூன்று முறை நடந்தது.

அந்த மாதம், வாயில் வைத்துப் பார்ப்பதற்காக மெழுகு ஈறோடு அனுப்பிய ஒரு செட் திரும்பி வந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். பல்லில் குறை ஒன்றும் இல்லை, கடி சரியாக இருக்கிறது, ஆனால் கண்ணாடியில் பார்த்தால் தன்னையே தெரியவில்லை என்றார். முதலாளி வழக்கம்போல மறைக்கப் பார்த்து, மறைக்கத் தெரியாமல் உளறிவிட்டார். கூடத்தில் எல்லாரும் மெழுகைக் கீழே வைத்துவிட்டு, பல்லக்கா இப்போது எல்லாவற்றையும் பிடுங்கப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் செட்டைக் கையில் எடுத்தாள். வழக்கம்போல விளக்குக்குக் கீழே கொண்டுபோய், ஒரு பல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அதைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அறையின் மறுகோடிக்கு நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த அம்மாவோட பழைய போட்டோ ஏதாவது கிடைக்குமா? சிரிக்கிற மாதிரி" என்றாள்.

போட்டோ வந்தது. வேலைபார்த்த காலத்தில் எடுத்தது. மைக்கின் முன்னால் நல்ல சிரிப்பு. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. அவள் செய்த செட்டிலோ எல்லாம் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றன. ஒரே ஒரு பல்லைச் சுற்றியிருந்த மெழுகை மட்டும் சூடாக்கி இளக்கி, அந்தப் பல்லை லேசாகச் சாய்த்து வைத்தாள். வேண்டுமென்றே ஒரு பல்லைக் கோணலாக வைத்தது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வைத்துவிட்டு, அதை நேராக்கிவிடுவோமோ என்ற பயத்தில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அந்த அம்மாள் நேரிலேயே வந்தார். லேப் வாசலில் நின்று, "பயணிகள் கவனத்திற்கு" என்று பழைய குரலில் ஆரம்பித்து, முடிக்காமல் சிரித்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு எதற்கெடுத்தாலும் கலங்கும்.

பயிற்சி முடிந்ததும் மறுபடி ஸ்கேன். அதே குழாய், அதே ஆலங்கட்டி மழை. வெளியே வந்ததும் கூச்சக்கார டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை ஆராய்ச்சியில் அவளுடைய பங்கு முடிந்துவிட்டதால் அவரால் தப்பிக்க முடியவில்லை. திரையில் இரண்டு மூளைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இது முன்னால எடுத்தது, இது இப்ப. விதி மாறும்போது, முன் பக்கத்துல இந்த இடம் இப்ப கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யுது. பயிற்சியால இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"நல்லா சாப்பிட்டதால மூளை தேறினதாவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ரெண்டாவது தடவைங்கிறதால எந்திரம் பழகிப்போனதும் காரணமா இருக்கலாம். ஒருத்தரை மட்டும் வச்சு சொல்ல முடியாதுங்க. நிறைய பேரைச் சேர்த்துப் பார்க்கணும். அப்பவும்கூட…"

"இருக்கலாம்னுதான் சொல்வீங்க."

"ஆமாங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

பல்லக்காவின் அகராதியில் அந்த வார்த்தைக்கு இடமே கிடையாது. முன்பானால் அவரை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்திருப்பாள். இப்போது திரையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டு படத்தையும் பார்த்தாள். "எப்படியோ போகட்டும். ரெண்டும் என் மூளைதானே" என்று சொல்லிவிட்டு, அவருக்கு 'இருக்கலாம் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் நிலைத்துவிட்டது என்று கேள்வி. டாக்டரம்மாகூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம்.

அதற்குப் பிறகு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. பல்லக்கா முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று அவளே சொல்வதில்லை. மாதம் ஒரு முறை டாக்டரம்மாவைப் பார்க்கிறாள். சில நாட்கள் தட்டு மேசை ஓரத்துக்கு இணையாகத்தான் இருக்கிறது. சில நாட்கள் காய் ரொட்டியைத் தொட்டுக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

போன மாதம் தங்கச்சி வந்திருந்தபோது மூன்று பேரும் வெளியே சாப்பிடப் போனார்கள். எந்தக் கடை, எந்த மேசை, என்ன சாப்பாடு என்று பல்லக்கா முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தாள். அந்த அளவுக்கு டாக்டரம்மாவும் விட்டுக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் கடை பூட்டிக் கிடந்தது. வெள்ளையடிக்கிறார்களாம்.

தங்கச்சி பயத்தோடு அக்காவைப் பார்த்தாள். கத்தியது அக்கா இல்லை, அப்பா.

"இது என்ன நியாயம்? முன்கூட்டியே சொல்ல மாட்டாங்களா? வாங்க, வீட்டுக்கே போவோம்!"

"அப்பா, எதிர்ல ஒரு கடை இருக்கு."

"அங்க நான் சாப்பிட்டதே இல்ல!"

"நானும்தான்" என்றாள் பல்லக்கா. அவளுடைய முகம் வெளுத்திருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

உள்ளே கூட்டம். கிடைத்த மேசையில் உட்கார்ந்தார்கள். கேட்டது இல்லை என்றார் பரிமாறுகிறவர். இருப்பதைக் கொண்டு வரச் சொன்னாள். வந்த தட்டில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, குழம்பு ஓடிக் கிடந்தது. தங்கச்சி மூச்சை அடக்கிக்கொண்டாள். பல்லக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு கரண்டியை எடுத்தாள். ஒரு வாய். நீளமான இடைவெளி. இன்னொரு வாய்.

மூன்றாவது வாயில் முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா? முடியலையா? விட்டுடு, பரவாயில்ல" என்றாள் தங்கச்சி.

"உப்பு ஜாஸ்தி" என்றாள் பல்லக்கா.

தங்கச்சியும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் அளவைப் பற்றி, தடிமனைப் பற்றி, ஓரத்தைப் பற்றி எத்தனையோ குறை சொல்லியிருக்கிறாள். ருசியைப் பற்றி அவள் வாய் திறந்து அவர்கள் கேட்டதே இல்லை. அப்பா தன் தட்டில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"உங்களுக்கு நாக்கே கிடையாதுப்பா" என்று சொல்லிவிட்டு, பல்லக்கா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். உப்பு ஏன் இவ்வளவு என்று அவரிடம் நியாயம் கேட்க ஆரம்பித்தாள். வாதம் பலமாக நடந்தது. நடுநடுவே, அவர் பதில் தேடித் திணறுகிற நேரத்தில், அவள் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதித் தட்டோடு நிறுத்திக்கொண்டாள். மீதியை அப்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.